வீட்டிலிருந்தே செய்யலாம் தானே?

என் பட்டமளிப்பு விழா முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் சிலர் வந்திருந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு முன்மண்டபத்துக்குள் வரும்போது பேச்சு என்னைப் பற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம் என்னை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருப்பதை வாப்பா பெருமையோடு சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பெரியப்பா, “கொழும்புக்கெல்லாம் எதுக்கு? இப்ப லெப்டொப் இருக்கு, இன்டர்நெட் இருக்கு. வீட்டிலிருந்தே செய்யலாம் தானே” என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரின் முகத்திலும் ஒரு நிம்மதி பரவியதை நான் கண்டேன். வாப்பாவின் முகத்திலும்தான். பல நாள் யோசித்தும் விடை கிடைக்காத ஒரு கணக்குக்கு யாரோ வந்து விடை சொன்னதைப் போல இருந்தது. பிள்ளையைப் படிப்பிக்கவும் செய்தாயிற்று, வெளியே அனுப்பவும் தேவையில்லை! நான் அந்த நேர்முகப் பரீட்சைக்குப் போகவில்லை.

பழைய மாணவி என்ற முறையில் நம் கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியை கேட்டபோது, “அரசியல், தொழில்நுட்பம், பிரயாணம், நீங்கள் ஏதோ தொழில் தொடங்கினீர்களாமே அது, எதைப் பற்றியும் எழுதலாம்” என்றார். யோசித்துப் பார்க்கையில், இவை எதுவும் என் வாழ்க்கையில் தனித்தனியாக வந்ததில்லை. பெரியப்பாவின் அந்த ஒரு வசனத்தோடுதான் எல்லாமே பின்னிக் கிடக்கின்றன. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். இதை வாசிக்கும் தங்கைகளைவிட, தங்கைகளின் கையிலிருந்து இந்தச் சஞ்சிகையை வாங்கிப் புரட்டிப் பார்க்கும் உம்மா, வாப்பாமாருக்குத்தான் இது அதிகம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வதை நான் பழிக்க வரவில்லை. என் மாமியின் மகள் இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறாள். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து விழுந்தபோது அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவளுடைய டொலர் வருமானத்தால்தான். அவள் அதைத் தானே தெரிவு செய்தாள். அவளுக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது. நான் பேசுவது அந்தத் தெரிவு இல்லாதவர்களைப் பற்றி. ஒரு கதவைத் திறந்துவிட்டதற்காக மற்ற எல்லாக் கதவுகளையும் பூட்டிவிடுகிறோமே, அதைப் பற்றி.

பாதுகாப்பு என்று சொல்கிறோம். எந்தப் பாதுகாப்பு என்று ஒரு தரம் கணக்குப் பார்ப்போம். ஒழுங்கான நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேரும் பெண்ணுடைய சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. தொழில் வழங்குநர் தன் பங்குக்கு 12 சதவீதம் போடுகிறார். அது போக ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னுமொரு 3 சதவீதம். பிள்ளை பிறந்தால் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் விடுமுறை. அநியாயம் நடந்தால் முறையிடத் தொழில் திணைக்களம் இருக்கிறது. வீட்டில் இருந்தபடி முகம் தெரியாத ஒருவருக்கு இணையத்தில் வேலை செய்து கொடுப்பவளுக்கு இவற்றில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. வேலையை வாங்கிக்கொண்டு காசைத் தராமல் போனவர்களின் கதைகளை என் தோழிகளிடம் கேட்டால் ஒரு இரவு போதாது. இதைத்தான் நாங்கள் “பாதுகாப்பான வேலை” என்று கூறுகிறோம்.

அதற்காக வெளியே எல்லாம் நலமாக இருக்கிறது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தவள் நான். முதல் நாள் காலையில் உம்மா என் ஹிஜாபில் வழக்கத்தைவிட ஒரு பின் அதிகமாகக் குத்தினார். எதற்கென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த பின் எதற்கென்று இரண்டாவது வாரம் விளங்கியது. இலங்கையில் பத்துப் பெண்களில் ஒன்பது பேர் பஸ்ஸிலோ ரயிலிலோ வாழ்நாளில் ஒரு முறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு ஒன்று சொன்னது. அப்படியென்றால் பெற்றோரின் பயம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி அது ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் என்பதையோ, பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தையோ எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உம்மாவுக்கும் தெரியாது. எங்கள் கையில் இருந்தது அந்த பின் மட்டும்தான். குற்றம் செய்தவன் அடுத்த நாளும் அதே பஸ்ஸில் ஏறுவான்; வீட்டில் இருக்க வேண்டியவள் நான் என்றால், அது என்ன கணக்கு?

இனி என் தொழில் கதைக்கு வருகிறேன். அதற்குக் காரணம் பெற்றோல்.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். அந்த மாதங்களில் வாப்பா மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் இரவு முழுக்க வரிசையில் கிடந்திருக்கிறார். வரிசையில் நின்றபடியே உயிரை விட்டவர்களின் செய்தியும் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லீட்டர், காருக்கு 20 லீட்டர். வாப்பாவின் பெயரில் பதிவு செய்து, அந்தக் கட்டம் போட்ட படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தது நான்தான். அவர் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பணப்பைக்குள் அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சில வாரங்களில் வரிசைகள் சுருங்கின. இரண்டு இரவு காத்திருந்தவர் அரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்தார்.

நான் அசந்துபோனேன். ஒரு நாட்டையே தடுமாற வைத்த பிரச்சினையை நம் நாட்டு மென்பொருள் துறையினர் குறுகிய காலத்தில் ஒரு படத்துக்குள் அடக்கிவிட்டார்களே என்று நினைத்தேன். பல்கலைக்கழக வகுப்புகள் நடக்காத அந்த நாட்களில் நானும் என் தோழி ஒருத்தியும் இணையத்தில் கிடைத்த இலவசப் பாடநெறிகளைப் பார்த்து செயலி செய்யப் பழகினோம். ஒரு நல்ல செயலியால் எந்தப் பிரச்சினையையும் தீர்க்கலாம் என்று உறுதியாக நம்பினோம். இருந்த பெற்றோலைத்தான் கியூஆர் பங்கிட்டுக் கொடுத்தது, பெற்றோல் கப்பலை அது கொண்டு வரவில்லை என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

பட்டம் முடிந்தது 2024இல். நான்கு வருடப் படிப்பு கொரோனாவாலும் நெருக்கடியாலும் அவ்வளவு தூரம் இழுபட்டது. வீட்டில் இருந்தபடி நாங்கள் ஆரம்பித்த ஸ்டார்ட்அப், மருதமுனைக் கைத்தறிக்கானது. மருதமுனைச் சாரன் எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. பெருநாளைக்கு வாப்பாவுக்கு அதுதான். அங்கே நெசவு செய்யும் பெண்கள் தங்கள் துணியை இடைத்தரகர் இல்லாமல் நேரே வாடிக்கையாளருக்கு விற்க ஒரு செயலி என்பதுதான் எங்கள் யோசனை. என் அறையில் நானும், குருநாகலையில் தன் அறையில் அவளுமாக ஏழு மாதம் உழைத்தோம். ஆளுக்கு ஒன்றரை லட்சம் ரூபா சேமிப்பைப் போட்டோம். புதிய தொழில் முயற்சிகளுக்கான ஒரு போட்டியில் இணையவழியாகவே கலந்துகொண்டு பரிசும் வாங்கினோம். நடுவர்கள் எங்கள் விளக்கப் படங்களை மிகவும் மெச்சினார்கள். அதில் ஒரு பெண் தறிக்கு முன்னால் இருந்து சிரிக்கும் படம் இருந்தது. இணையத்தில் எடுத்த படம். அவர் மருதமுனைக்காரர்தானா என்று கூட எங்களுக்குத் தெரியாது.

செயலி வெளிவந்து மூன்று மாதத்தில் விற்பனையாளராகப் பதிவு செய்தவர்கள் இரண்டே இரண்டு பேர். இருவரும் கல்முனைக் கடைக்காரர்கள், இருவரும் ஆண்கள். தொலைபேசியில் விளம்பரம் செய்தோம், விளக்க வீடியோ போட்டோம், எழுத்தைப் பெரிதாக்கினோம், பொத்தான்களின் நிறத்தை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. நெசவுக்காரப் பெண்களுக்கு செயலி பாவிக்கத் தெரியாது என்ற முடிவுக்கு வந்தோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. காணாத மனிதர்களைப் பற்றி எவ்வளவு எளிதாக முடிவெடுத்திருக்கிறோம்!

“ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வந்தால் என்ன?” என்று கேட்டது, நீங்கள் நம்ப மாட்டீர்கள், உம்மாதான். வாப்பாவுக்குக் கடையை விட்டுவிட்டு வர முடியாது. நாநா கட்டாரில். தனியாக அனுப்புவார்களா என்ற பேச்சே எழவில்லை, நானும் கேட்கவில்லை. “நான் வாறேன்” என்றார் உம்மா. ஐம்பத்து மூன்று வயதில் மஹியங்கனைக்கு அப்பால் ஒரு நாளும் போகாத உம்மா.

கண்டியிலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறினோம். மஹியங்கனை இறக்கத்தில் அந்தப் பதினெட்டு வளைவுகளையும் உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதியபடி கடந்தார். கீழே வந்ததும் கண்ணைத் திறந்தவர், அதற்குப் பிறகு யன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. பதியத்தலாவை, அம்பாறை, சம்மாந்துறை வயல்வெளிகள் என்று ஆறேழு மணித்தியாலம்.

வழியில் உள்ள ஊர்கள் பெரும்பாலும் சிங்கள ஊர்கள். பஸ் ஒவ்வொரு ஊரிலும் நிற்கும்போது என் கை தானாகவே பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் கவனித்தேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2018 மார்ச்சில், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், திகனையிலும் கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எங்கள் ஆட்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. விளக்கை அணைத்துவிட்டு முழு வீடும் ஓர் அறைக்குள் இருந்தோம். கையிலே தொலைபேசி. அதில் வந்து குவிந்த செய்திகளில் எது உண்மை, எது பொய் என்று யாருக்கும் தெரியாது. அரசாங்கம் சுமார் ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்கியது. வெறுப்புப் பேச்சும் வதந்தியும் தன் தளத்தில் பரவ இடம் கொடுத்து அந்த வன்முறைக்குத் துணையானதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. இரண்டு வருடம் கழித்து!

அந்த நாட்களைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அந்தப் பொய்கள் சிங்கள ஊர்களில் எப்படி அவ்வளவு இலகுவாக விலைபோயின? எங்களை நேரில் அறியாதவர்களிடம்தான் அவை விலைபோயின என்பது முழு விடையல்ல; பக்கத்து வீட்டுக்காரர்களும் நம்பினார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களே காப்பாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தொலைபேசி காட்டியது மட்டும்தான் என்றால், அது எதைக் காட்டினாலும் நான் நம்பத்தான் செய்வேன். இது அவர்களுக்கு மட்டுமல்ல எனக்கும் பொருந்தும். மஹியங்கனை பஸ் நிலையத்தில் கழிப்பறை எங்கே என்று உம்மா விசாரிக்கப் போய், தேநீர்க் கடைக்கார அம்மாவோடு மிளகு விலை பற்றிச் சிங்களத்தில் பேசிக்கொண்டு நின்றார். பஸ் புறப்பட ஹோர்ன் அடித்த பிறகுதான் ஓடி வந்தார். பட்டதாரியான என்னைவிட அவருடைய சிங்களம் நல்லது. நான் சிங்களத்தைப் புத்தகத்தில் படித்தேன், அவர் சந்தையில் படித்தார்.

மருதமுனையில் தூரத்து உறவினர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். மறுநாள் நெசவு நடக்கும் வீடுகளுக்குப் போனோம். தறியின் சத்தம் ஒழுங்கைக்கே கேட்டது. நான் கைத்தொலைபேசியை எடுத்து, பதிவு செய்வது எப்படி என்று ஒரு தாத்தாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். (கிழக்கில் ராத்தாவைத் தாத்தா என்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் செயலியில் அந்த ஊர் வழக்குச் சொல் ஒன்றுகூட இருக்கவில்லை.) அவர் மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். உம்மா அந்தத் தறிப் பலகையிலேயே அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, “ஒரு சாரனுக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்டார்.

அவர் சொன்ன தொகையைக் கேட்டு நான் தொலைபேசியைக் கீழே வைத்தேன். அது விலையல்ல, கூலி. நூலை ஒரு முதலாளி கொடுக்கிறார், நெய்து கொடுத்தால் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும், துணி அவருடையது. “துணி என்ட இல்லையே புள்ள, நான் எப்பிடி விக்கிற?” என்றார் அந்தத் தாத்தா.

ஏழு மாத உழைப்பு, மூன்று லட்சம் ரூபா, ஒரு போட்டிப் பரிசு. அத்தனையையும் அந்த ஒரு கேள்வி முடித்து வைத்தது. அவருக்கு செயலி பாவிக்கத் தெரியாமல் இல்லை. கட்டாரில் இருக்கும் மகனோடு அவர் தினமும் வீடியோவில் பேசுகிறார். விற்பதற்கு அவரிடம் எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான். நூலும் சாயமும் இறக்குமதிப் பொருட்கள். 2022க்குப் பிறகு அவற்றின் விலை ஏறிய ஏற்றத்துக்குச் சொந்தக் காசில் நூல் வாங்கி நெய்வதைப் பலர் கைவிட்டிருந்தார்கள். 2004 சுனாமியில் தறியை இழந்து மறுபடி எழும்பி வந்தவர்கள் நூல் விலையிடம் தோற்றிருந்தார்கள். எங்கள் விளக்கப் படங்களில் வில்லனாக வந்த “இடைத்தரகர்” கூட நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. நோன்பு காலத்தில் முற்பணம் தருவதும், வீட்டில் சுகமில்லாதபோது கடன் தருவதும் அவர்தானாம். அவரை அகற்றிவிட்டு அந்த இடத்தில் நாங்கள் என்ன வைக்கப்போகிறோம் என்று யாராவது கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இல்லை.

தங்கைகளே, கணினியில் செய்ய முடியாதது இது. அந்தக் கேள்வி உம்மாவுக்குத் தோன்றியதற்கும், விடை அவருக்குக் கிடைத்ததற்கும் காரணம் அவர் அந்தப் பலகையில் போய் இருந்ததுதான். கூலியைப் பற்றிய கேள்வியை நான் ஒரு கூகுள் படிவத்தில் போட்டு அனுப்பியிருந்தால் அதை யாரும் நிரப்பியிருக்கப் போவதில்லை.

அரசியலிலும் இதே கதைதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2025 மே மாதத் தேர்தலுக்கு முன் எங்கள் வீதியில் ஒரு ராத்தாவிடம் வேட்பாளராக வரும்படி கேட்டு வந்தார்கள். நன்றாகப் பேசக்கூடியவர், ஊர்ப் பெண்களின் பிரச்சினை அறிந்தவர். வந்தவர்கள் அவருடைய கணவரிடம் சொன்னது: “அவங்க ஒண்டுக்கும் வெளிய வரத் தேவையில்ல. பேரை மட்டும் தந்தாப் போதும்.” பெரியப்பா வேலையைப் பற்றிச் சொன்னதை இவர்கள் அரசியலைப் பற்றிச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் தானே! அந்த ராத்தா மறுத்துவிட்டார். “வரத் தேவையில்லையெண்டா நான் எதுக்கு?” என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

நம் நாட்டுப் பெண்களுக்கு 1931 முதலே வாக்குரிமை இருக்கிறது. உலகின் முதல் பெண் பிரதமரை 1960இல் தந்தது நம் நாடு. இன்றும் ஒரு பெண்தான் பிரதமர். ஆனால் 2024இல் தெரிவான 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் பெண்கள் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள்; உழைக்கும் வயதுப் பெண்களில் தொழிற்படையில் இருப்பவர்களோ சுமார் மூன்றில் ஒரு பங்கினர். மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று யாரும் தேடத் தேவையில்லை. நம் வீடுகளில் சுவரில் மாட்டிய பட்டமளிப்புப் படங்களில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது நமக்குப் பழக்கமில்லாத புதுமை என்றும் சொல்ல முடியாது. கேரளத்திலிருந்து கடல் கடந்து வந்து கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயிஷா ரவூப், கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி பிரதி மேயராகவும் பணியாற்றினார். எங்கள் மூத்தம்மாமார் சிறுமிகளாக இருந்த காலம் அது. வாக்குக் கேட்டு வீதியில் இறங்காமல், பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அவர் அந்த இடத்துக்கு வந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மார்க்க ரீதியான வரையறைகளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதற்குரிய ஆலிம்கள் இருக்கிறார்கள். பெற்றோரிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. அனுப்பப் பயமாக இருந்தால் கூட வாருங்கள். “போகாதே” என்பதற்கும் “தனியாகப் போ” என்பதற்கும் இடையில் “வா, போவோம்” என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வாப்பாவுக்கு நேரம் இல்லாவிட்டால் உம்மாவால் சொல்ல முடியும். உம்மாமாருக்கும் ஊர் பார்க்க ஆசை இருக்கிறது; யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் நடக்கும் அநியாயத்துக்குப் பரிகாரம் பிள்ளையைப் பஸ்ஸிலிருந்து இறக்குவதல்ல, எங்களைப் போன்றவர்கள் அந்த பஸ்ஸில் அதிகமாக ஏறுவதுதான் என்று எனக்குப் படுகிறது. நடத்துநரிடம் உரத்துச் சொல்லவும், தேவையானால் பொலிஸுக்குப் போகவும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பின்னும் இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் நாங்கள் செயலியை மூடிவிட்டோம். தோழி கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். அவளுடைய வாப்பாவே விடுதி பார்த்துக் கொடுத்தார். நான் இப்போது கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணி பஸ். சேமலாப நிதி வெட்டுகிறார்கள்.

பரிசுப் பணத்தில் மிஞ்சியதைக் கொண்டு அந்தத் தாத்தாவும் இன்னும் மூன்று பேரும் நெய்ய நூல் வாங்கிக் கொடுத்தோம். இந்த முறை துணி அவர்களுடையது. விற்ற பிறகு நூல் காசு திரும்பி வரும், அதில் அடுத்த நூல். நான்கு பேர் இப்போது எட்டுப் பேர் ஆகியிருக்கிறார்கள். இது பெரிய வெற்றியெல்லாம் இல்லை. போன மாதம் ஒரு சாயம் வெளுத்து ஆறு சாரன் திரும்பி வந்தது; நட்டம் யாருக்கு என்று இன்னும் பேசி முடியவில்லை. நூலுக்காரர் எங்களோடு கோபமாகவும் இருக்கிறார், அவருடைய கோபத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எங்களிடம் செயலி கிடையாது. ஒரு வட்ஸ்அப் குழுவும், உம்மாவின் கையெழுத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியும் இருக்கின்றன. யார் எத்தனை கட்டு நூல் எடுத்தார்கள், எத்தனை சாரன் கொடுத்தார்கள் என்ற கணக்கெல்லாம் உம்மாவிடம்தான். என்னை யாரும் கேட்பதில்லை.

வாப்பா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. போன கிழமை இரவுச் சாப்பாட்டில், “அடுத்த முறை எப்ப போறீங்க?” என்று கேட்டார். உம்மா கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெருநாள் ஓடர் இருப்பதால் இருபதாம் திகதிக்கு முன் போய் வர வேண்டும் என்றார். வாப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, “அந்தப் பதினெட்டு வளைவு உண்மையாவே அவ்வளவு மோசமா?” என்று கேட்டார்.

“வந்து பாருங்களேன்” என்றார் உம்மா.